முயலோடு முடிந்துபோகும் ஆராய்ச்சி

மரவள்ளித் தேமல் நோயைக் கண்டறியப் பி.சி.ஆர். இருக்கும்போது மோனோகுளோனல் எதிர்ப்பொருள் எதற்கு என்னும் கேள்வி இந்தியப் பயிர்நோயியல் துறைகளில் அடிக்கடி எழுகிறது. அது ஆய்வகத்துக்குள் அமர்ந்து கேட்கப்படும் கேள்வி. கேரளத்து உழவர் அடுத்த பருவத்துக்காகத் தண்டை வெட்டிக் கரணையாக்கும்போது, நோய்க்குறி வெளித்தெரியாத தண்டிலும் வைரஸ் இருக்கக்கூடும். கரணையோடு அது அடுத்த தோட்டத்தை அடைகிறது. எஞ்சிய வேலையை வெள்ளை ஈ முடித்துவைக்கிறது. ஆயிரக்கணக்கான தாய்ச்செடிகளைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்துக்கொண்டிருப்பது நடவாத காரியம். இலையை அரைத்துச் சாற்றை எலைசா தட்டில் இடலாம். கிளார்க்கும் ஆடம்ஸும் 1977இல் அம்முறையைத் தாவர வைரஸ்களுக்குக் கொண்டுவந்ததே இத்தகைய பெருந்திரள் சோதனைக்காகத்தான்.

எலைசாவின் தரம் எதிர்ப்பொருளின் தரத்தை மிஞ்சாது. இங்கே பெரும்பாலும் நடப்பது யாது? வைரஸின் உறைப் புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாக்கி முயலுக்குச் செலுத்துகின்றனர். சீரம் கிடைக்கிறது, கட்டுரை வெளிவருகிறது, முனைவர் பட்டமும் கைகூடுகிறது. சில ஆண்டுகளில் சீரம் தீர்ந்துவிடும். அடுத்த மாணவர் வேறொரு முயலிடமிருந்து தொடங்குவார். அவர் பெறும் சீரம் முந்தையதைப் போல் இராது. நலமான செடியின் புரதத்தோடும் வினைபுரிந்து தட்டு முழுவதையும் மஞ்சளாக்கிவிடுவதும் உண்டு. (அந்த மஞ்சளைக் கண்டு கலங்காத எலைசா ஆய்வாளர் அரியர்.)

இக்குறைக்கு 1975இலேயே கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் வழி திறந்துவிட்டனர். சுண்டெலியின் மண்ணீரல் செல்லை மைலோமா செல்லோடு இணைத்தால், ஒரே எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கும் ஹைபிரிடோமா பிறக்கும். திரவ நைட்ரஜனில் வைத்துப் பேணினால் தலைமுறைகளுக்கும் உதவும். அம்முறைக்கு அவர்கள் காப்புரிமைகூடப் பெறவில்லை.

அதன் பயனை முதலில் உணர்ந்தோர் யார் என்பதைப் பார்த்தால் கசப்பே மிஞ்சுகிறது. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸுக்கு 1986இல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது ஸ்காட்லாந்தில் ஹாரிசன் குழு. வெள்ளை ஈ பரப்பும் ஏழு இந்திய வைரஸ்களை 1991இல் இனம்பிரித்துக் காட்டியவையும் அங்குப் பிறந்த எதிர்ப்பொருள்களே. அக்கூட்டாய்வில் இந்திய அறிஞர் பங்கேற்றது பெருமைக்குரியது. ஆயினும் நோயுற்ற இலை இங்கிருந்து போக, செல்வழி அங்கே தங்கிய அந்த ஏற்பாடு இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இயல்பாகத் தோன்றுவது ஏன்? சீனத்தின் செஜியாங் பல்கலைக்கழகம் பயிர் வைரஸ் ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ப்பொருள் உருவாக்கி, வயலுக்கான எளிய சோதனைகளாகவும் மாற்றியிருக்கிறது.

மோனோகுளோனல் ஒரே எபிடோப்பை மட்டும் அறியும், திரிபு தோன்றினால் தவறவிடும் என்பர். மெய்தான். அதனால்தான் ஒன்றோடு நில்லாமல் ஒரு தொகுதியே தேவைப்படுகிறது. ஸ்காட்லாந்துக் குழு வைரஸ்களைப் பிரித்தறிந்ததும், எந்த எதிர்ப்பொருள் எதனோடு சேர்கிறது, எதனோடு சேரவில்லை என்னும் அந்த வேறுபாட்டைக் கொண்டே. இந்திய மரவள்ளி வைரஸோடு இலங்கை மரவள்ளி வைரஸும் கேரளத்தில் உலவும் நிலையில் அத்தகைய தொகுதியின் தேவை மிகுதி.

உண்மையான தடை வேறு. நல்ல ஹைபிரிடோமாவைத் தேர்ந்தெடுக்கப் பல மாதங்கள் ஆகும். நூற்றுக்கணக்கான கிணறுகளைச் சலிக்க வேண்டும். முடிவில் கிடைப்பது ஒரு குப்பிச் செல்கள். பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலில் அக்குப்பிக்கு இடமில்லை. அதே காலத்தில் நான்கு மரபணு வரிசைகளைப் பதிவேற்றி நான்கு கட்டுரைகள் எழுதிவிடலாம். புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்தில் செல்வழிகளைப் பேணும் களஞ்சியம் உண்டு. எதிர்ப்பொருள் பற்றிய ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், செல்வழி எங்கே வைப்பு செய்யப்பட்டது, பிற ஆய்வகம் கேட்டால் கிடைக்குமா என்னும் இரு கேள்விகளைப் புறத்தேர்வாளர்கள் இவ்வாண்டே கேட்கத் தொடங்கலாம். அதற்கு எந்த ஆணையும் வேண்டியதில்லை.