விளையாடத் தெரிந்த கைகளுக்கு ஆக்கத் தெரிய வேண்டாமா?



பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு எப்பொழுது நடந்தாலும் ஒரு முறையீடு தவறாமல் வந்து நிற்கும். "சார், இவன் எந்நேரமும் கேம்தான் சார். நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க." முறையீடு செய்பவரின் கையில் ஒரு திறன்பேசி இருக்கும். அருகில் நிற்கும் கடைக்குட்டியின் கையில் இன்னொன்று இருக்கும். பிள்ளை அழாமலிருக்கக் கருவியைக் கொடுத்தவர்கள் நாம். அவன் அதைக் கீழே வைக்க மறுக்கும்போது குற்றவாளி அவன்!

இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எண்பதுகளின் நடுவில், பள்ளி மாணவனாக இருந்தபோது, என் தாய்மாமன் பழைய விலைக்கு வாங்கித் தந்த சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியில் தொடங்கிய பொழுதுபோக்கு, இன்றுவரை என்னை விடவில்லை. வீட்டுக் கணினிகள், நிரல் எழுதுதல், விளையாட்டுக் கருவிகள் என்று இந்த மூன்றுக்குமாக நான் செலவழித்த மணிகளை எண்ணினால் என் துணைவியார் சிரிப்பார். ஆகவே, 'விளையாட்டு கெடுக்கும்' என்போரையும் 'பிள்ளைகள் தானாகவே தொழில்நுட்பம் கற்றுக்கொள்வார்கள்' என்போரையும் ஒருசேர மறுக்கவே இதை எழுதுகிறேன். இரு சாராரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கணினியைத் திரை என்று மட்டுமே பார்க்கிறார்கள். அதற்குள் எழுதப்பட்ட கட்டளைகள் இருக்கின்றன என்பதையும், அவற்றை எழுதியவனும் ஒரு மனிதன்தான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்ட கணினிகள்

1982-இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். அதே ஆண்டில் வந்த கொமடோர் 64-இன் நினைவகம் 64 கிலோபைட். இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரேயொரு படத்தைக்கூட அவற்றுள் அடக்க முடியாது. ஆனால், மின்விசையைத் தட்டியவுடன் அவை விளம்பரம் காட்டவில்லை. பரிந்துரைப் பட்டியலும் காட்டவில்லை. வெற்றுத் திரையில் நம் கட்டளைக்காகக் காத்திருந்தன. 'என்ன செய்ய வேண்டும்? நீ சொல்' என்பதுதான் அந்தக் காத்திருப்பின் பொருள்.

அந்தக் கட்டளைகளின் மொழி பேசிக். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், அறிவியல் துறை சாராத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்று உருவாக்கிய மொழி அது. ஸ்பெக்ட்ரம் கணினியின் விசைகளின்மீதே பேசிக் சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. உடன் வந்த கையேடு நிரலாக்கத்தைக் கற்பிக்கும் பாடநூலாகவே இருந்தது. விளையாட்டுக்காக வாங்கியவனும் அந்தச் சொற்களைக் கடந்துதான் விளையாட்டை அடைய முடிந்தது. ஒலிநாடாவிலிருந்து விளையாட்டை ஏற்றுவதற்கே ஒரு கட்டளை தட்டச்சு செய்ய வேண்டுமே!

விளையாட்டும் கல்வியும் பகைவர்கள் அல்லர் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பிரிட்டனில் பி.பி.சி நிறுவனம் மக்களுக்குக் கணினி அறிவூட்ட ஒரு திட்டம் வகுத்தது. அதற்காக ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பி.பி.சி மைக்ரோ கணினி 1981-இல் வெளிவந்து, பள்ளிகள்தோறும் புகுந்தது. அதில் 1984-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் 'எலீட்' என்னும் விண்வெளி வணிக விளையாட்டை எழுதினார்கள். முப்பரிமாணக் கோட்டுருவங்களும் எண்ணற்ற கோள்களும் கொண்ட ஓர் அண்டத்தை 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்கினார்கள். கோள்களின் பட்டியலைச் சேமித்து வைக்க இடமில்லை. ஆகவே, ஒரு கணிதச் சூத்திரம் அவற்றை வேண்டும்போது பிறப்பித்தது. கணிதம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை உண்டா?

அதே பிரேபன் பின்னாளில் ராஸ்பெரி பை அறநிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். அந்நிறுவனம் ஏன் தோன்றியது? கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும் நிரலாக்க அனுபவமும் குறைந்துகொண்டே வந்ததை எபன் அப்டன் உள்ளிட்டோர் கண்டார்கள். வீட்டுக் கணினிகள் மறைந்து, விளையாட்டுக் கருவிகளும் ஆயத்த மென்பொருள்களும் அந்த இடத்தைப் பிடித்ததே காரணம் என்று கருதினார்கள். விளைவாக, 2012-இல் 35 அமெரிக்க வெள்ளிக்கு உள்ளங்கை அகலக் கணினி ஒன்று சந்தைக்கு வந்தது. 2016-இல் பி.பி.சி மீண்டும் களமிறங்கி, ஏறத்தாழ பத்து இலட்சம் மைக்ரோபிட் கருவிகளைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கியது. கணினியைப் பெற்றெடுத்த நாடுகளுள் ஒன்றே, 'நம் பிள்ளைகள் நுகர்வோராகிவிட்டார்கள்' என்று அஞ்சிச் செயல்பட்டது. நாம் மட்டும் அஞ்ச வேண்டியதில்லையா?

விளையாட்டுக் கருவியும் குற்றவாளி அன்று

நம் நாட்டில் என் தலைமுறையினர் பலர் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. அந்த ஃபேமிகாமுக்கு 1984-இலேயே விசைப்பலகையுடன் கூடிய பேசிக் தொகுப்பு ஜப்பானில் விற்கப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? விளையாடிய பெட்டியிலேயே விளையாட்டை எழுதவும் வழி இருந்தது. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது விளையாடும் பாதி மட்டுமே!

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டுமே வேறு. இடம் போதாதபோது அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட இதை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அதன்பின் அவர்கள் அந்த விளையாட்டை முன்புபோல் பார்ப்பதில்லை. 'இதை எப்படிச் செய்திருப்பார்கள்?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் கல்வி தொடங்குகிறது.

விளையாட்டு அடிமைத்தனம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் வரையறையைப் படியுங்கள். கட்டுப்பாட்டை இழந்து, பிற கடமைகளைப் புறக்கணித்து, தீங்கு தெரிந்தும் விடாமல், பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடிக்கும் நிலையையே அது கோளாறு என்கிறது. விடுமுறையில் இரண்டு மணி நேரம் விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம். உண்மையாகவே பாதிக்கப்பட்ட பிள்ளையைக் 'கண்டித்து வைத்தால் போதும்' என்று விடுவதும் அநியாயம்.

பூட்டிய கூடங்கள்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1999-இல் பெஸ்தாரிப் பள்ளி முன்னோடித் திட்டம் வந்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வந்தன. பின்னர் 1பெஸ்தாரிநெட் வந்து, 2019-இல் முடிவுக்கும் வந்தது. அதன் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று கணக்காய்வாளர் அறிக்கையே சுட்டியது. கருவிகள் வந்தன, போயின. நிரல் எழுதத் தெரிந்த மாணவர் தலைமுறை வந்ததா?

2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. கருவி இருந்தோரிலும் பெரும்பாலோரிடம் இருந்தது திறன்பேசிதான். திறன்பேசி பார்ப்பதற்கு வசதியான கருவி, ஆக்குவதற்கு வசதியற்றது. எனவே, ஏழைப் பிள்ளைக்கு விசைப்பலகை உள்ள கணினி கிடைக்கும் ஒரே இடம் பள்ளிதான். அந்தப் பள்ளியில் நடப்பதென்ன? நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், 'பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்' என்று கணினிக் கூடம் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்தது. கணினிகள் புத்தம் புதியனவாகவே பழையனவாயின!

திறந்திருக்கும் கூடங்களிலும் பெரும்பாலும் தட்டச்சும் படவில்லை தயாரிப்புமே நடக்கின்றன. இடைநிலைப்பள்ளியில் 2017-இல் அறிமுகமான அடிப்படைக் கணினி அறிவியல் பாடமும் எல்லோருக்கும் உரியதன்று. படிவம் 1 முதல் 3 வரை அதுவோ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமோ, இரண்டில் ஒன்றுதான். தொடக்கப்பள்ளியில் நாம் விதைக்காவிட்டால், பல பிள்ளைகள் ஒரு நிரலையும் எழுதாமலே வளர்ந்துவிடுவார்கள்.

'தமிழில் எதற்கு?' என்போருக்கு

'கணினியெல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழ்ப்பள்ளியில் இது எதற்கு?' என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்வி இந்த மண்ணில் எழவே கூடாது. எண்பதுகளில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1997-இல் தமிழ் இணைய மாநாட்டுக்கு வித்திட்ட நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர், ஆசிரியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இன்று நாம் திறன்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறோம் என்றால், யாரோ சிலர் 'கணினிக்குத் தமிழ் தெரியாது' என்பதை விதியாக ஏற்காமல் நிரல் எழுதியதே காரணம். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்னும் மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். வழி போட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நடக்கத்தான் ஆளில்லை.

என்ன செய்யலாம்?

எம்.ஐ.டி ஆய்வுக்கூடம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். இணையமில்லாமலும் இயங்கும். கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் போதும். கதைமாந்தர்கள் தமிழிலேயே பேசுவர். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அதில் பந்து விளையாட்டு ஒன்றை ஆக்கினார்கள். பந்து சுவரில் மோதினால் திரும்ப வேண்டும். எப்படி? வேகம் 5 என்றால் அதை -5 ஆக்க வேண்டும். படிவம் 1-இல் வரும் எதிர்ம எண்ணை, அங்கே ஒரு மாணவி தானே கண்டுபிடித்துத் தோழிக்கு விளக்கினாள். பந்து சுவருக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டபோது அவள் அழவில்லை; என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒவ்வொரு கட்டளையாகப் பார்த்துப் பிழையைப் பிடித்தாள். எந்தப் பயிற்சி நூல் இதைத் தரும்? 2021-இல் யு.பி.எஸ்.ஆர் தேர்வே போய்விட்டது. பயிற்சித் தாள்மீது நாம் கொண்ட பக்தி மட்டும் போகவில்லை.

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் கணினிக் கூடத்தைத் திறந்து வையுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து கற்பதில் இழுக்கில்லை. பெற்றோர்களே, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாதீர்கள். லினக்ஸ் இட்டால் அதற்கு இன்னும் சில ஆண்டு உயிர் உண்டு. பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடினால், இன்னொரு மணி நேரம் எதையாவது ஆக்கட்டும். அவன் ஆக்கியதை அருகில் அமர்ந்து விளையாடிப் பாருங்கள். தோற்றுப் போங்கள், அவன் மகிழ்வான்.

எல்லாப் பிள்ளைகளும் நிரலாளர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதக் கற்ற எல்லோரும் எழுத்தாளர் ஆவதில்லை. அதற்காக எழுத்தறிவிப்பதை நிறுத்தினோமா? பிறர் எழுதிய கட்டளைகளுக்கு ஏற்ப விரலசைக்கும் கூட்டமாக மட்டும் நம் பிள்ளைகள் வளரக் கூடாது என்பதே என் வாதம். மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள், வாதிடுவோம். அதற்குமுன், நாளைக் காலை அந்தக் கணினிக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.