திசையறியும் தலைமுறை வேண்டும்

2009ஆம் ஆண்டிலே, கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை வன்னியின் பிள்ளைகள் நடந்தார்கள். எத்திசையில் நடப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை, பிறர் தீர்மானித்தார்கள். அன்று நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் செல்கின்றனர். திசையறியவும், தம்மைத் தாமே வழிநடத்தவும் அவர்களுக்குக் கற்பிப்பது நமது கடமையன்றோ?

அதற்குரிய வழி புதிதன்று. 1907இல் பேடன் பவல் பிரவுன்சித் தீவிலே சிறுவர் சிலரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். அங்கே பிறந்த சாரணர் இயக்கம் 1912இல் இலங்கைக்கு வந்தது. அதன் உயிர்நாடி அணிமுறையாகும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அணித்தலைவரும் ஒரு பிள்ளையே. நமது கிளித்தட்டும் இதே பாடத்தையன்றோ புகட்டுகின்றது? கிளி ஒருவன் கெட்டிக்காரனாயிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கோட்டிலும் நிற்பவன் தன் கோட்டைக் காக்கவேண்டும்.

திசையறிதலும் விளையாட்டே. வன்னி வானில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு ஏறத்தாழ ஒன்பது பாகை உயரத்திலேயே நிற்கும். காட்டு மரங்கள் அதை மறைத்துவிடும். பகலில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழல் நுனியைக் குறித்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் குறித்தால், முதற்குறி மேற்கு, அடுத்தது கிழக்கு. ஆயினும் இம்மண்ணில் முதற்பாடம் வேறு: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் நின்று, வந்த தடத்திலேயே திரும்புவது.

சீருடையையும் விசிலையும் கண்டால் நம் தாய்மார் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் சிறுவரைப் படையில் சேர்த்தார்கள். போருக்குப் பின்னரோ, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியிலே முன்பள்ளிகளை நடத்தியது. யார் செய்யினும் பிழை பிழையே. ஆணைக்குப் பணியப் பழக்குவது வேறு. ஆராய்ந்து முடிவெடுக்கப் பழக்குவது வேறு. முன்னது படையாளை ஆக்கும். பின்னது குடிமகனை ஆக்கும்.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கின்றது. ஆகவே நாம் கோருவது சலுகையன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிமனைகள் ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியை அளிக்கட்டும். ஆணும் பெண்ணும் சமமாகப் பங்குகொள்ளட்டும். பெற்றோர் சம்மதமின்றி எப்பிள்ளையையும் சேர்க்கலாகாது. எப்படைக்கும் அங்கு இடமிருத்தலாகாது.

நாளை இம்மண்ணை நடத்தப்போகின்றவர்கள் இன்று மைதானத்தில் ஓடுகின்றார்கள். திசைகாட்டியை அவர்கள் கையிலே கொடுப்போம். திசையை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும்.