ட்ரோன் விலை குறைந்தது, தொடர்பின் விலை?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது கோட்டையூர் இளைஞர்கள் சிலர் நம்மை நிறுத்தினார்கள். "ஹஜ்ரத், ஆம்புலன்ஸுக்கு வசூல் பண்ணின மாதிரி மருந்து கொண்டுபோற ட்ரோனுக்கும் வசூல் பண்ணலாமா? இப்ப ஜிஎஸ்டியைக்கூட குறைச்சுட்டாங்களே" என்று கேட்டார்கள்.

நல்ல நோக்கம்தான். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவசரத்துக்கு ஒரு பை இரத்தம் வேண்டுமென்றால் அந்தத் தூரம் எவ்வளவு நீளம் என்பது பிரசவ வார்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வரி குறைந்ததும் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோன்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் சில வகைகளுக்கு 18, சிலவற்றுக்கு 28 என்று இருந்தது. ஆனால் அந்த ட்ரோனில் போடும் சிம்கார்டுக்கும் டேட்டாவுக்கும் வரி இன்றும் 18 சதவீதம். வாங்கும்போது ஒருமுறை கட்டுவதில் சலுகை கிடைத்திருக்கிறது. மாதாமாதம் கட்டுவதில் கிடைக்கவில்லை. நம் கவலை அந்த மாதச் செலவைப் பற்றியது.

கல்யாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோன் கண்ணுக்கெதிரே பறக்கிறது. 50 கிலோமீட்டர் போகும் ட்ரோனை யாரும் பார்க்க முடியாது, அது எங்கே இருக்கிறது என்பதைத் தொடர்புதான் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரம் இருக்கிறதே என்று தோன்றும். அந்தக் கோபுரங்களின் ஆன்டெனாக்கள் தரையில் இருக்கும் நமக்காகக் கீழே சாய்த்து வைக்கப்பட்டவை. 300, 400 அடி உயரத்தில் ட்ரோனுக்கு ஒரே நேரத்தில் பல கோபுரங்கள் தென்படும். ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்கும். சிக்னல் முழுதாகக் காட்டிக்கொண்டே தொடர்பு தடுமாறும்.

அதனால் இரண்டு கம்பெனி சிம் போடுகிறார்கள். கூடவே நேரடி ரேடியோ வைக்கிறார்கள். சமதரையில் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ட்ரோனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரை ரேடியோ அலை எட்டலாம் என்பது கணக்கு. ஆனால் போய்ச் சேர்ந்து கீழே இறங்கும்போது மரமும் கட்டடமும் குறுக்கே வந்து, மிகவும் தேவையான அந்த நேரத்தில் தொடர்பு அறும். ஆகவே அந்தப் பக்கமும் கருவியோடு பயிற்சி பெற்ற ஓர் ஆள் நிற்க வேண்டும், அவருக்கும் சம்பளம் உண்டு.

மூன்றாவது வழி சாட்டிலைட். ட்ரோன் இருக்கும் இடத்தையும் 'திரும்பு', 'இறங்கு' போன்ற கட்டளைகளையும் மட்டும் அனுப்பினால் டேட்டா கொஞ்சம்தான், வீடியோ அனுப்பினால் கட்டுப்படியாகாது. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் 'நான் ஒரு துரையா வாங்கி அனுப்பவா' என்று கேட்கக் கூடும். வேண்டவே வேண்டாம். துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம். துபாயிலிருந்து ட்ரோனும் கொண்டுவர முடியாது, 2022 பிப்ரவரியிலேயே அந்த இறக்குமதியைத் தடை செய்துவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தொடர்பு அறுந்தால்? பொதுவாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி அமைத்திருப்பார்கள். அதற்கான பேட்டரியை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும், அந்த எடை அளவுக்கு மருந்து குறையும். பேட்டரியைப் பற்றிக் கேட்கப் பக்கத்திலேயே காரைக்குடி செக்ரி இருக்கிறது. தொடர்பைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

முடியாத காரியம் என்று நாம் சொல்லவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியின் கராங் தீவுக்கு ட்ரோனில் கொரோனா தடுப்பூசி போனது. சாலை வழியாக 26 கிலோமீட்டர், வான்வழியாக 15. சுமார் 12 முதல் 15 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதை நடத்தியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அனுமதி, கருவி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் அரசு நின்றது. ஒரு மஹல்லாவின் வசூல் நிற்கவில்லை.

ஆம்புலன்ஸை நாம் வாங்கினோம், ஆனால் அது ஓடும் சாலையை நாம் போடவில்லை. ட்ரோனுக்குத் தொடர்புதான் சாலை. ஆளில்லா விமானங்களுக்கென்றே தமிழக அரசு தனிக் கழகம் வைத்திருக்கிறது. மருத்துவமனைகளுக்கு இடையே அந்தச் சாலையை அவர்கள் போடட்டும், அதில் பறக்க ஒரு ட்ரோன் வாங்கித் தரச் சமுதாயம் தயங்காது. இல்லையென்றால் முதல் வருடம் திறப்பு விழா நடக்கும், இரண்டாம் வருடம் ரீசார்ஜுக்குக் காசில்லாமல் ட்ரோன் பள்ளிவாசல் அறையில் தூசி படிந்து கிடக்கும். பொதுப்பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கணக்குக் கேட்கப்படும் என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இளைஞர்களிடம் இப்போதைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். சுற்றுவட்டத்தில் மருந்து போய் இறங்க வேண்டிய ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இரண்டு கம்பெனி சிம்மோடு போய், காலையிலும் இரவிலும் மின்சாரம் போன நேரத்திலும் எந்த சிக்னல் நிற்கிறது என்று எழுதிவரச் சொன்னோம். அந்தக் காகிதத்தோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம்.