முரசணி: பெற்றதும் இழந்ததும்

விளையாட்டு விழாவன்று நம் பேண்டு வாத்தியக் குழு முழங்கிக்கொண்டு மைதானத்தில் நுழையும்போது, யாருடைய கால்தான் தாளம் போடாமல் இருக்கும்? அந்த முழக்கத்தைத் தனிக் கலையாகவே வளர்த்த நாடு அமெரிக்கா. அங்கே அதற்கு 'டிரம் கோர்' என்று பெயர். நாம் முரசணி எனலாம். முரசும் பித்தளைக் குழலும் கொடியுமே அதன் உயிர். புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் அதில் இடமில்லை.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் முரசையும் பியூகிளையும் கொண்டு ஊர்தோறும் அணிகள் அமைத்தார்கள். பிறகு அவர்களுடைய சங்கங்களும் பங்குக் கோவில்களும் சிறுவர்களுக்கென அணிகளை நடத்தின. 1934-இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு ஊரில் தோன்றிய 'ஹோலி நேம் கேடட்ஸ்' ஒரு கத்தோலிக்கப் பங்கின் பிள்ளையே.

அக்காலப் போட்டிகளில் நடுவர்கள் வரிசைகளுக்கிடையே நடந்து பிழைகளை எண்ணுவார்கள். கால் பிசகினால் ஒரு குறி. கோல் தவறினால் ஒரு குறி. குறிக்கு ஏற்ப மதிப்பெண் குறையும். 1972-இல் தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்திய 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பு, 1984-இல் இம்முறையைக் கைவிட்டது. பிழைக்கு அஞ்சி நேர்கோட்டில் நடந்தவர்கள், துணிந்து வளைவும் சுழலுமாக ஓடத் தொடங்கினார்கள். 2004-இல் ஒலிபெருக்கியும், 2009-இல் மின்னணுக் கருவிகளும் வந்தன. "இது முரசணியா, நாடக மேடையா?" என்று முதியவர்கள் குறைப்படுகிறார்கள்.

கருவி மாறியதற்காக நான் வருந்தவில்லை. கணக்குப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு என்பதே என் கருத்து.

ஒன்று, பெற்றது. அந்நாளில் பெயர்பெற்ற அணிகள் பலவற்றில் ஆண்களுக்கே இடம். பெண்கள் கொடி பிடிக்கலாம்; அல்லது ஹிக்ஸ்வில் ஊரின் புனித இஞ்ஞாசியார் அணியைப் போல் தங்களுக்கெனத் தனி அணி வைத்துக்கொள்ளலாம். இன்று பெண்கள் முரசறைகிறார்கள். முன்னின்று அணியை நடத்துகிறார்கள். 1938 முதல் ஆண்களுக்கே உரியதாயிருந்த 'மாடிசன் ஸ்கவுட்ஸ்' அணியும் 2019-இல் அனைவருக்கும் கதவு திறப்பதாக அறிவித்தது.

மற்றொன்று, இழந்தது. அன்று ஏழைத் தொழிலாளியின் மகனும் பங்கின் மைதானத்துக்கு நடந்தே போய் அணியில் சேர்ந்தான். இன்று கோடை முழுவதும் ஊர் ஊராகப் பயணம். அதற்குக் கட்டணம் பல ஆயிரம் டாலர். சிற்றூர் அணிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பங்கில் பிறந்த அந்தக் 'கேடட்ஸ்' அணியும் 2024-இல் மூடப்பட்டது. பெண்ணுக்குத் திறந்த கதவு ஏழைக்கு மூடிக்கொண்டதென்றால், அதை முழு வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

தோழியரே, கடல் கடந்த கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். வெள்ளைக் காலணி வாங்க வழியில்லாமல், பேண்டுக் குழுவுக்குப் பெயர் கொடுக்கத் தயங்கும் ஒருத்தி நம் வகுப்பிலும் இருக்கலாம். பள்ளியை விட்டுச் செல்லும் நாங்கள் எங்கள் சீருடையையும் காலணியையும் குழுவுக்கே விட்டுச் செல்வோம். பெற்றோரும் அருட்சகோதரிகளும் இதற்குத் துணைநிற்க வேண்டுகிறேன். முரசு எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைவிட, அதை அறைய யாருக்கெல்லாம் இடம் கிடைக்கிறது என்பதே முக்கியம்.