திரும்பிப் போவார்கள் என்ற நம்பிக்கை

கடல் கடந்து பிழைக்கப் போனவன், எத்தனை தலைமுறை கழிந்தாலும், உள்ளத்தால் தன் பூர்விக கிராமத்திலேயே வாழ்கிறான் என்றும், கையில் நாலு காசு சேர்ந்து, அழைப்பாரும் ஒருவர் இருந்துவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜன்மபூமிக்குத் திரும்பிவிடுவான் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் இதை அன்போடு சொல்கிறார்கள். மலேசியாவில் எங்களை வேண்டாதவர்கள் இதையே ‘பாலேக் இந்தியா’, அதாவது ‘இந்தியாவுக்குத் திரும்பிப் போ’, என்று வசையாகச் சொல்கிறார்கள். குரல்கள் வேறானாலும், இந்த மண் எங்களுக்குச் சத்திரமே அன்றி வீடல்ல என்ற கருத்து இரண்டுக்கும் பொது. அக்கருத்து பொய் என்பதையும், அந்தப் பொய்யினால் தோட்டத் தொழிலாளிக்கு விளைந்த கேடு சாமானியமானதல்ல என்பதையும் எடுத்துரைக்கும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

நான் பிறந்தது பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே, லெம்பா பெர்த்தாமில். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போட்டது 1931-ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1929-ல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். அதன் பிறகு இந்தச் சரிவுகளில் காடு வெட்டியும், கன்று நட்டும், கூடையை முதுகில் சுமந்து கொழுந்து பறித்தும் உழைத்தவர்களில் தமிழர் மிகப் பலர். என் பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவதாகத் தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அவர் சிதை மூண்டது பெர்த்தாம் ஆற்றங்கரையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்த அன்பர் ஒருவர், எங்கள் மலையிலுள்ள தானா ராத்தாவில் தேநீர்க் கடையொன்றில், எங்கள் பள்ளத்தாக்குப் பெரியவர் ஒருவரோடு அளவளாவிக்கொண்டிருந்துவிட்டு, “ஊருக்கு எப்போது திரும்புவதாக உத்தேசம், ஐயா?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். பெரியவர் சிறிதும் தயங்காமல், “மூணு மணி பஸ்ஸுக்குங்க, தம்பி. சாமான் வாங்கத்தான் வந்தேன்” என்றார். கேட்டவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தார். பெரியவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ‘ஊர்’ என்ற சொல் காதில் விழுந்தபோது அவர் நெஞ்சில் எழுந்தது லெம்பா பெர்த்தாம் ஒன்றே. வேறோர் ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்ற சந்தேகமே அவருக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. மலாயாவுக்கு வந்த இந்தியரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த கெர்னியல் சிங் சந்து காட்டுகிறபடி, நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பியும் போனார்கள். ஆகவே, திரும்புதல் என்பது ஒரு காலத்தில் மெய்யான நடைமுறையாகவே இருந்தது. ஆனால் திரும்ப நினைத்தவர்களும் திரும்ப முடிந்தவர்களும் அப்போதே போய்விட்டார்கள் என்பதல்லவா அதன் பொருள்? எஞ்சியவர் யார் என்பதை ஜனத்தொகைக் கணக்குகளே சொல்கின்றன. மலாயா இந்தியரில் இந்நாட்டில் பிறந்தவர்கள் 1931-ல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 1947-ல் பாதிக்குச் சற்று அதிகம். சுதந்திரம் பெற்ற 1957-ல் ஏறத்தாழ மூன்றில் இருவர். இன்றைய தலைமுறையில் இந்தியாவில் பிறந்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வந்தவனைப் பார்த்துத் திரும்புவாயா என்று கேட்பது நியாயமான கேள்வி; வராதவனை, இங்கேயே பிறந்தவனைப் பார்த்து அதைக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த நம்பிக்கையினால் லாபம் அடைந்தவர் யார் என்று பார்த்தால் இதன் சுபாவம் விளங்கும். 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை வீழ்ந்தவுடன், லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைக் குடியேற்ற நிதியின் செலவிலேயே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஊர் ஏக்கத்தால் போகவில்லை. தோட்டத்தில் வேலையில்லை என்பதால் போனார்கள். 1934-ல் விலை நிமிர்ந்ததும் மறுபடி ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் அது நடந்தது. தொழிலாளி எப்படியும் ஊருக்குப் போகிறவன் என்ற ஒரே எண்ணத்தின் மேல் தோட்டத்தின் ஏற்பாடு முழுவதும் கட்டப்பட்டிருந்தது. போகிறவனுக்கு வீடு எதற்கு? தோட்டத்து வரிசை வீடாகிய லயத்தில் ஓர் அறை போதும். போகிறவனுக்கு நிலம் எதற்கு? அவன் முதுமையைக் குறித்துத் தோட்டம் ஏன் கவலைப்பட வேண்டும்? அவன் கிராமம் பார்த்துக்கொள்ளும். இப்படியே இரண்டு மூன்று தலைமுறைகள், வேலை உள்ளவரை வீடு, வேலை முடிந்தால் வீதி என்ற நிலையிலேயே தோட்டப்புறத்தில் வாழ்ந்து தீர்த்தன. ஒரு மனிதன் நாற்பது வருஷம் ஒரு சரிவில் உழைத்து, அதே சரிவில் தன் பெற்றோரை அடக்கம் செய்து, தன் பிள்ளைகளுக்கு மணமுடித்து வைத்த பின்னும், அவன் தலைக்கு மேலிருக்கும் கூரை அவனுடையதன்று என்ற கொடுமையைக் கண்டு பலர் மனம் வருந்தாததற்குக் காரணம், அவனுக்கு வேறெங்கோ சொந்தக் கூரை ஒன்று காத்திருக்கிறது என்ற அந்தப் பொய்தான்.

1969-ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பிறகு, பிரஜைகள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் கண்டிப்பாக அமலுக்கு வந்தபோது, இந்தப் பொய்யின் விலை வெளிப்படையாயிற்று. பிரஜைகள் அல்லாதவருக்குரிய சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர், பிரஜா உரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள். எழுத்து வாசனையற்ற அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வாரும் போதவில்லை. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குப் போனதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ‘ரஜூலா’ கப்பலில் ஏறிய அந்தக் கூட்டத்தைத் தாய்நாடு திரும்பிய மக்கள் என்று எழுதியவர்களும் உண்டு. தகப்பன் கப்பலில் நிற்க, பிரஜைகளுக்குரிய நீலக் கார்டு பெற்ற மனைவியும் மக்களும் பினாங்குத் துறைமுகத்தில் நின்ற குடும்பங்களைத் திரும்பிப் போன குடும்பங்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

அண்டை நாடாகிய இலங்கையின் விருத்தாந்தம் இதைவிடத் தெளிவான சாட்சி. மலைநாட்டுத் தமிழருக்கு அந்நாடு குடியுரிமை மறுத்த பின், 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: 9,75,000 மனிதரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்கிடப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. ஆயினும் விண்ணப்பம் கோரியபோது அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கை நிரம்பவில்லை; இலங்கைக் குடியுரிமையை நாடியவர்களோ ஒதுக்கியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வாக்குரிமையும் இல்லாமல், லயத்தில் ஒடுங்கி, ஏச்சும் பேச்சும் கேட்டு வாழ்ந்த ஜனங்கள் கூட, தாங்கள் பிறந்த மலையையே தங்கள் நாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய வாக்கெடுப்பு எது வேண்டும்? போனவர்களின் கதியும் நாம் அறிந்ததே. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அவர்களுக்காக 1968-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். தாய்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. எஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கை குடியுரிமை வழங்கிச் சட்டம் செய்தது 2003-ல்தான்.

மலாயாத் தொழிலாளியின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, தொழிலாளர் நிர்க்கதியாக நின்றனர். அப்போது மலாயா இந்தியரின் தலைவரான வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டி, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். நாட்கூலியாகச் சில வெள்ளியே பெற்ற பால்மரம் வெட்டுகிறவன், தான் ஊருக்குத் திரும்பப் போகிறவனாக இருந்தால், கப்பல் கட்டணத்துக்கு உதவக்கூடிய அந்தப் பணத்தை மலாயாவின் மண்ணை வாங்குவதற்காகவா கொடுத்திருப்பான்?

வயோதிகர் ஏங்கினார்களே, குலதெய்வத்தை நினைத்துக் கண்ணீர் விட்டார்களே என்று கேட்கலாம். விட்டார்கள், என் பாட்டியார் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். இழந்ததற்காக அழுவது வேறு, திரும்பிப் போக விரும்புவது வேறு. எங்கள் லயத்து மூதாட்டி ஒருவர் மகன்களின் தயவால் ஒரு முறை தகப்பனார் பிறந்த கிராமத்துக்குப் போய்விட்டு வந்தார். என்னம்மா விசேஷம் என்று கேட்டபோது, “நல்லாத்தான்யா கவனிச்சாங்க. ஆனா விருந்தாளி மாதிரி நாற்காலி போட்டு உட்கார வச்சுட்டாங்க” என்றார். தமிழ்மொழியின் மேல் நாங்கள் வைத்திருக்கும் பக்தியைக் கண்டும் சிலர் மயங்குகிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியைப் பெற்றோர் போராடிக் காத்ததும், பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுப்பதும் இங்கே தமிழராக வாழ்வதற்காக. புறப்படுவதற்கு முன்னேற்பாடாக அல்ல.

2013 அக்டோபரில், பள்ளத்தாக்குக்கு மேலுள்ள அணையின் நீர் திறக்கப்பட்டுச் சேறும் வெள்ளமுமாக எங்கள் பள்ளத்தாக்கின் மேல் பாய்ந்து, வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட இடத்துக்கும், நீர் வடிந்ததும் மண்வெட்டியோடு மக்கள் திரும்பி வந்தார்கள். திரும்புதல் என்ற சொல்லை எங்களுக்குப் பிரயோகிக்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களை நினைக்கட்டும். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கு முந்தின நாள் வளைந்து வளைந்து மலையேறி வருவதை நினைக்கட்டும். எங்களுக்கு வேண்டியவை, முதுமையில் வெளியேற்றப்படாத சொந்த வீடும், இன்னும் சிவப்புக் கார்டோடு காத்திருக்கும் கிழவிகளுக்கும் கிழவர்களுக்கும் அவர்கள் கண்மூடுமுன் குடியுரிமையும். இன்று இம்மலையில் தேயிலை வெட்டும் வங்காளதேசத்தவரையும் நேபாளியரையும் பற்றி, ‘அவர்கள் போகிறவர்கள்தானே’ என்று எங்களவரே பேசக் கேட்கும்போது என் மனம் பதறுகிறது. எங்கள் பாட்டனாரைப் பற்றிச் சொன்ன சொல் அல்லவா அது?

நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட அந்த மூதாட்டி, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, இப்போது ஈப்போவில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரை இங்கே அழைத்து வர வேண்டும். வராவிட்டால் அன்று சாப்பிடமாட்டார். பழைய வீட்டில் நேபாளத்து இளைஞர் நால்வர் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் சைகையால் கேட்டுக்கொண்டு, வாசலில் தாம் வைத்து வளர்த்த கறிவேப்பிலை மரத்தில் ஒரு கொத்து ஒடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்.