கடலை போடத் தெரியும்... கடலுக்குப் போகத் தெரியுமா?

"அண்ணே, நாங்க ஆறு பேரு. செமஸ்டர் முடிஞ்சதும் குளச்சல் பக்கம் ஒரு வள்ளத்தை வாடகைக்குப் பிடிச்சு, கடலுக்குள்ள போய்த் தூண்டில் போடணும்னு பிளான். கூட ஒரு மீனவரும் வருவாரு. எப்படி புக் பண்றது? எவ்வளவு ஆகும்? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

நாகர்கோவில்ல படிக்கிற ஒரு தம்பியோட கேள்வி இது. கேன்டீன்ல மணிக்கணக்கா கடலை போட்டுப் பழகின கூட்டம், ஒரு சேஞ்சுக்குக் கடலுக்கே கிளம்புது. நல்ல விஷயம்தான் மக்கா! கடலோரத்துலயே பிறந்து வளர்ந்தும் கால் நனைச்சதோட திரும்பி வர்ற நம்மாளுங்கதான் இங்கே அதிகம். ஆனா தம்பியோட மூணு கேள்விக்கும் முன்னாடி நாலாவதா ஒண்ணு இருக்கு. நீங்க புக் பண்றது எதை? வள்ளத்தையா, இல்ல அதை ஓட்டுற மனுஷனையா?

டி.வி.யில பார்த்திருப்பீங்க. அமெரிக்கக் கடற்கரை ஊர்கள்ல இது ஒரு தனித் தொழில். காலையில அஞ்சாறு பேரை ஏத்திட்டுப் போய், மீன் இருக்கிற இடத்தைக் காட்டி, தூண்டில் போடச் சொல்லிக் கொடுத்து, மத்தியானம் கரையில விட்டுடுவாங்க. ஓட்டுறவர் கையில கடலோரக் காவல்படை கொடுத்த உரிமம் இருக்கணும். சின்ன உரிமம்னா ஆறு பேருக்கு மேல காசு வாங்கி ஏத்தக்கூடாது. காத்து சரியில்லைன்னு கேப்டன் சொல்லிட்டா அன்னைக்கு டிரிப் கேன்சல். பணம் திரும்ப வரும், இல்லைன்னா வேற தேதி கிடைக்கும். பொதுவா இதுதான் அங்கே வழக்கம்.

இதுல நாம கவனிக்க வேண்டியது மீனையோ சொகுசுப் படகையோ இல்ல. 'இன்னைக்குப் போக வேண்டாம்'னு சொல்ற உரிமை அந்த கேப்டன் கையில இருக்கு பாருங்க, அதைத்தான்!

நம்ம ஊர் கேப்டனுக்கு என்ன தெரியும்?

குமரி மாவட்டத்துல சின்னமுட்டத்துல இருந்து நீரோடி வரைக்கும் கடற்கரை ஊர்கள் வரிசையா இருக்கு. கரையோரக் கடல்ல தூண்டில் போடுறவருக்குப் பார் எங்கே இருக்குன்னு தெரியும். பார்னா தண்ணிக்கு அடியில இருக்கிற பாறைத்திட்டு. கலவா, விளமீன், பாரை எல்லாம் சுத்தித் திரியுற இடம். மேலே இருந்து பார்த்தா வெறும் தண்ணிதான். அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கரையில தெரியுற ரெண்டு அடையாளத்தை, உதாரணமா ஒரு சர்ச் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால இருக்கிற மலை முகட்டையும், ஒரே நேர்க்கோட்டுல கொண்டு வருவாங்க. வேற பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டிக்கிற புள்ளிதான் பார். நாம பிளஸ் டூவுல அழுதுக்கிட்டே போட்ட கணக்கு, அவங்க ஸ்கூல் பக்கம் போகாமலே போட்டது! இப்போ கையில ஜி.பி.எஸ். வந்தாச்சு. ஆனாலும் பெரியவங்க கண்ணு கரையை விட்டு விலகாது.

காத்துக்கும் ஆளாளுக்குப் பேர் வெச்சிருக்காங்க. வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நீரோட்டத்துக்கு நீவாடு. எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் இறக்கணும், எந்த நீவாட்டுல தூண்டில் நிக்காது, எப்போ வள்ளத்தைத் திருப்பணும்ங்கிறது அவர் மண்டைக்குள்ள இருக்கு. நீங்க காசு கொடுக்கிறது அதுக்குத்தான். வள்ளம் சும்மா ஃபைபர்!

லீவு காலண்டரும் கடல் காலண்டரும்

இங்கேதான் முதல் சிக்கல். உங்க பிளான் ஏப்ரல், மே லீவுக்கு. கடலுக்கு யுனிவர்சிட்டி டைம்டேபிள் தெரியாதே!

முதல்ல மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டுமே உண்டு! சின்னமுட்டத்துல விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற அதே மே மாசம் குளச்சல் படகுகள் கடல்ல இருக்கும். தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரமும் சின்ன வள்ளமும் போகலாம்.

அப்புறம் தென்மேற்குப் பருவம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் குளச்சல், முட்டம் பக்கம் அலை அடிக்கிற அடி சாதாரணமா இருக்காது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடிகள் வெறி பிடிச்ச மாதிரி சுத்துற சீசனும் அதுதான். பஸ்ல வரும்போது ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க. பாதி பதில் அங்கேயே கிடைச்சுடும்.

ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை. நமக்கு அன்னைக்குத்தான் லீவு. ஆனா குமரிக் கடற்கரையில பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறுன்னா பூசை, ஓய்வு. பெரும்பாலான ஊர்ல கடலுக்குப் போக மாட்டாங்க. "கூட ஐந்நூறு தர்றோம், வாங்கண்ணே"ன்னு போய் நிக்காதீங்க. அது ஊர்க் கட்டுப்பாடு.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். கள்ளக்கடல்!

பேரே மிரட்டுது இல்ல? கேரளத்து மீனவர்கள் வெச்ச பேர். விஞ்ஞானிகளும் இப்போ அதே பேரைத்தான் சொல்றாங்க. எங்கேயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில புயல் அடிக்கும். அதுல எழும்புற நீண்ட அலைகள் சில நாள் கழிச்சு நம்ம கரைக்கு வந்து சேரும். இங்கே காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். திடீர்னு கடல் பொங்கும். திருடன் மாதிரி சத்தமில்லாம வர்றதால கள்ளக்கடல். இது அதிகமா வர்றது எப்போ தெரியுமா? பருவமழைக்கு முந்தின ஏப்ரல், மே மாசங்கள்ல. அதாவது, கரெக்டா உங்க லீவுல!

2024 மே 6. கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரை. ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் வந்த மருத்துவ மாணவர்கள், கடலைப் பார்க்கப் போனாங்க. அஞ்சு பேர் திரும்பலை. கள்ளக்கடல் எச்சரிக்கை அமல்ல இருந்த நேரம் அது. அவங்க படகுல ஏறலை. டாக்டராக வேண்டிய அஞ்சு பிள்ளைங்க, மக்கா. உங்க வயசு.

ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு நிறுவனம்தான் அலை எச்சரிக்கை கொடுக்குது. புயல், காத்து எச்சரிக்கை வானிலை ஆய்வு மையத்துல இருந்து வரும். ரெண்டும் செல்போன்லயே கிடைக்கும். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற கையோட அதையும் பாருங்க.

'எங்க கூட அனுபவசாலி வர்றாரே'ன்னு கேட்பீங்க. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கினப்போ, கடல்ல மாட்டினவங்க எல்லாருமே அனுபவசாலிங்கதான். எச்சரிக்கை கைக்கு வந்து சேர்றதுக்குள்ள அவங்க கடலுக்குள்ள இருந்தாங்க. தூத்தூர் வட்டாரத்துல எத்தனையோ வீடுகள்ல அந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்ல. அனுபவமும் வேணும், எச்சரிக்கையும் வேணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு அர்த்தமில்லை.

அது என்ன படகு?

இப்போ கொஞ்சம் சட்டம். போர் அடிக்காம சொல்றேன். மீன்பிடிப் படகைப் பதிவு பண்றது மீன்பிடிக்க. காசு வாங்கிட்டு டூரிஸ்ட்டை ஏத்தணும்னா அதுக்குத் தனிப் பதிவு, தகுதிச் சான்று, இத்தனை பேர்தான் ஏறலாம்னு ஒரு கணக்கு, எல்லாம் இருக்கு. 'வெறும் பேப்பர்தானே'ன்னு நினைக்காதீங்க.

2023 மே 7. கேரளத்துல தானூர். மீன்பிடிப் படகை டூரிஸ்ட் படகா மாத்தி, அளவுக்கு மேல ஆளை ஏத்திட்டுப் போனாங்க. கவிழ்ந்துச்சு. 22 பேர் இறந்தாங்க, அதுல நிறையக் குழந்தைகள். மீன் அள்ளுறதுக்காகக் கட்டின படகுல எடை அடியில இருக்கும். ஆளுங்களை ஏத்தினா எடை மேலே போகும். அழகான பக்கம் வந்ததும் எல்லாரும் போட்டோ எடுக்க ஒரே சைடுக்கு ஓடுவோம். அப்புறம் ஃபிசிக்ஸ் தன் வேலையைக் காட்டும்.

இன்னொண்ணு. 2008 நவம்பர்ல மும்பைக்குத் தீவிரவாதிகள் வந்தது ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான். அதுக்கப்புறம் மீனவர்களுக்கு அடையாள அட்டை, கடலோரக் காவல் சோதனைன்னு எல்லாம் டைட். உங்க ஆறு பேரையும் நடுக்கடல்ல நிறுத்தி யாருன்னு கேட்டா, பதில் சொல்ல வேண்டியது அந்த அண்ணன். உங்க ஜாலிக்கு அவர் பிழைப்பு போகக்கூடாது.

அதனால பயணிகளை ஏத்தப் பதிவான படகு கிடைச்சா மட்டும் ஏறுங்க. 'மச்சான் ஒருத்தன் வள்ளம் வெச்சிருக்கான், காதும் காதும் வெச்ச மாதிரி போயிட்டு வந்துடலாம்'னா நைஸா கழண்டுக்கோங்க.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி

சரி, முறையான படகு கிடைச்சாச்சு. குமரியோ, ராமேஸ்வரமோ, அந்தமானோ, எங்கே புக் பண்ணினாலும் இதைக் கேளுங்க.

1. படகு எதுக்குப் பதிவாகியிருக்கு? எத்தனை பேர் ஏறலாம்? ஓட்டுறவரையும் சேர்த்துத்தான் எண்ணணும்.

2. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் உண்டா? படகு மூலையில குவிச்சு வெச்சிருந்தா கணக்கில்லை. உங்க உடம்புல இருக்கணும், பக்கிள் போட்டிருக்கணும். விவேகானந்தர் பாறைக்குப் போற பூம்புகார் படகுலயே போட்டுட்டுத்தானே உட்காருறோம்?

3. எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? தமிழ்நாட்டுல கரையை ஒட்டின கடல், பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கின பகுதி. அங்கே வலை போட்டிருப்பாங்க. குறுக்கே போய் வலையை அறுத்தா ஒரு குடும்பத்தோட மாசச் சம்பாத்தியம் காலி.

4. வாடகை படகுக்கா, தலைக்கா? டீசல், தூண்டில், தங்கூஸ், இரை எல்லாம் அதுலயே சேர்ந்ததா? பிடிக்கிற மீன் யாருக்கு? கடல்ல மீனுக்குப் பங்குக் கணக்கு உண்டு. படகுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிப்பாங்க. கரைக்கு வந்து நெய்மீனுக்காக வாய்ச்சண்டை போடாதீங்க. சென்னை ஃபிரெண்டுக்கு ஒரு தகவல்: நீங்க வஞ்சிரம்னு சொல்றதுதான் இங்கே நெய்மீன்.

5. கடல் சரியில்லைன்னா பணம் என்னாகும்?

இந்த அஞ்சாவதுதான் மொத்தக் கட்டுரையும். யோசிச்சுப் பாருங்க. தனக்காகக் கடலுக்குப் போறவர், காலையில மணல்ல நின்னு காத்தைப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்லிட்டு வீட்டுக்குத் திரும்பிடுவார். யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனா நீங்க அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்க. அந்தக் காசு டீசலுக்கும் அரிசிக்கும் போயாச்சு. ஆறு பேரும் விடியக்காலம் பையோட வந்து, "என்னண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டு..."ன்னு முகத்தைத் தொங்கப் போடுறீங்க. அப்போ அவர் வாயில 'வேண்டாம்' வருமா? வராது. உங்க ஆயிரம் ரூபாய் அவரோட அறிவை வாயடைக்க வெச்சுடும்.

அதனால அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிடுங்க. "அண்ணே, நீங்க வேண்டாம்னா வேண்டாம். இந்தக் காசு உங்க கையிலயே இருக்கட்டும். வேற நாள் வர்றோம்." அவ்வளவுதான். இந்த ஒரு வரி எந்த லைஃப் ஜாக்கெட்டையும் விடப் பெருசு. எழுந்து, குளிச்சு, கிளம்பி வந்த நாள் வீணாப் போகும். போகட்டும்.

மத்ததெல்லாம் சில்லறை விஷயம். வயிறு முட்டத் தின்னுட்டு ஏறாதீங்க. தலை சுத்தினா செல்போனைக் குனிஞ்சு பார்க்காம தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்க. தண்ணி, தொப்பி மறக்காதீங்க. 'சரக்கு' கரையிலயும் வேண்டாம், கடல்லயும் வேண்டாம். திருக்கை, கெளுத்தி மாட்டினா வீரம் காட்டாதீங்க, முள்ளு விஷம். அண்ணன் கழட்டுவார். ஆமை சிக்கினா விட்டுடணும், சட்டப்படி குற்றம். எங்கே போறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு கரையில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093. இப்பவே சேவ் பண்ணிக்கோங்க.

படகு கிடைக்கலையா? கவலைப்படாதீங்க. கடல் அமைதியா இருக்கிற மாசத்துல, கரைமடி இழுக்கிற ஊருக்கு விடியக்காலம் போங்க. கேட்டுட்டுக் கயிறுல கை வையுங்க. பத்து நிமிஷத்துல ஜிம் எல்லாம் தூசுன்னு புரியும். இல்ல, குளச்சல் துறைமுகத்துல ஏலம் நடக்கும்போது ஓரமா நின்னு கேளுங்க. 1741-ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களைத் தோற்கடிச்ச ஊர். சத்தம் இன்னும் குறையலை! நாம தட்டுல போட்டுச் சாப்பிடுற சாளைக்கும் அயிலைக்கும் பின்னாடி எத்தனை கை இருக்குன்னு ஒரு காலையில தெரிஞ்சுடும்.

ஆக, தம்பி, உன் மூணு கேள்விக்கும் பதில் சொல்லியாச்சு. எப்படி புக் பண்றது? 'வேண்டாம்'னு சொல்லத் தைரியம் உள்ள ஆளாப் பார்த்து. எவ்வளவு ஆகும்? அவர் வேண்டாம்னு சொல்ற அன்னைக்கு ஒரு அட்வான்ஸ். என்ன எடுத்துட்டுப் போகணும்? பொறுமை. தூண்டிலுக்கும் அதுதானே மக்கா முதல் பாடம்?

மீன் கிடைச்சா ஒரு துண்டு பார்சல். அடுத்த வாரம் பார்ப்போம்!