பாக்கெட்டில் எழுதாத சரக்கு

எண்ணெய் பாக்கெட்டை வெட்டினால் பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடிக்கிறது. அதைத்தான் ஊற்றி என் பிள்ளைக்குத் தோசை வார்க்கிறேன். வயிறு எரிகிறது! கொழுப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். உறையிலிருந்து உள்ளே இறங்கியது எவ்வளவு என்று ஒரு வரி உண்டா?

சட்டத்தில் அளவு இருக்கிறது. 2018இல் வந்த பேக்கேஜிங் விதிகளின்படி ஒரு கிலோ உணவில் உறையிலிருந்து மொத்தம் 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. பிளாஸ்டிக்கைக் குழைவாக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற தாலேட் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எண்ணெய்தான் அதை அதிகம் இழுக்கும். உறையைச் சோதிக்கும்போது, உணவுக்குப் பதில் ஒரு திரவத்தை வைத்து 40 டிகிரியில் 10 நாள் பார்க்கிறார்கள். எங்கள் ஆரணியில் தகரக் கூரை போட்ட பெட்டிக்கடையில் சித்திரை, வைகாசி முழுக்க வெந்து கிடக்கும் பாக்கெட்டுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? விடியுமுன்னே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் வாங்கித் தின்பதும் அங்கேதானே!

நாமே சோதிக்கலாம் என்றால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குகிறவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணமும் நாம்தான் கட்ட வேண்டும். தப்பு இருந்தால்தான் திரும்ப வரும். அதற்கும் துணிந்து விசாரித்தேன். கலப்படம் பார்ப்போம், தாலேட் பார்ப்பதில்லை என்றார்கள் ஓரிடத்தில். இன்னோரிடத்தில் சொன்ன தொகை, தறியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் வாரக் கூலியை அப்படியே விழுங்கிவிடும். தாலேட் பார்க்கிற ஆய்வகத்தில் மாதிரியைக் கண்ணாடிப் பாத்திரத்தில்தான் வைப்பார்களாம். பிளாஸ்டிக் பட்டால் முடிவு கெட்டுவிடுமாம். மாதிரிக்குக் கண்ணாடி, என் பிள்ளைக்குப் பிளாஸ்டிக்கா?

2011இல் தைவானில் குளிர்பானங்களில் இதே டிஇஎச்பி சிக்கியது. நாடே கொந்தளித்தது, கடைகளிலிருந்து சரக்கை அள்ளினார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் இன்னொரு வேதிப்பொருளான பிஸ்பீனால்-ஏ ஒரு நாளைக்கு எவ்வளவு உடம்பில் சேரலாம் என்ற அளவை 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 மடங்கு குறைத்தது. அடுத்த ஆண்டே உணவு உறைகளில் அதற்குத் தடை கொண்டுவந்தார்கள். இங்கே பால்புட்டியில் கூடாது என்றதோடு சரி. பால் மறந்த பிள்ளை பிள்ளையில்லையா?

அதிகாரிகளே, அக்னி நட்சத்திரத்தில் வாருங்கள். வெயில் பட்ட எண்ணெயையும் ஊறுகாயையும் எங்கள் கடைகளிலிருந்தே எடுங்கள். தாலேட்டும் பிஸ்பீனாலும் எவ்வளவு என்று பார்த்து, கம்பெனிப் பெயரோடு தமிழில் வெளியிடுங்கள்.